ஐந்தாண்டோடு நிறுத்துவதா, ஆயுள் முழுக்கத் தொடர்வதா: ஒரு குளவி ஊசிக் கணக்கு

லண்டனுக்கு வெளியே அத்தான் குத்தகைக்கு எடுத்திருக்கும் தோட்டத் துண்டில் ஒரு பிளம்ஸ் மரம் நிற்கிறது. ஆறு வருடங்களுக்கு முன், ஓர் ஆகஸ்ட் மாலையில், கீழே விழுந்து அழுகிய பழங்களைக் கூட்டிக்கொண்டிருந்தவரின் கழுத்தில் ஒரு குளவி கொட்டியது. உடம்பில் தடிப்பு இல்லை, அரிப்பு இல்லை, உதடு வீங்கவில்லை. பத்து நிமிடத்துக்குள் கண் இருட்டி அவரைக்காய்ப் பந்தலோரம் சரிந்துவிட்டார். பக்கத்துத் துண்டுக்காரர் பார்த்து ஆம்புலன்ஸை அழைத்தார். அதனால்தான் இன்று அத்தான் என்னோடு வாதாட முடிகிறது.

வாதம் இதுதான். மறு வருடம் தொடங்கிய குளவி விஷ ஊசிக்கு இப்போது ஐந்து வருடம் நிறைகிறது. "ஐந்து வருடம் என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். இப்போது ஆயுள் முழுக்க என்கிறார்கள். முடிவில்லாமல் சீட்டுக் கட்டுவதா?" என்பது அவர் கேள்வி. தொடரத்தான் வேண்டும் என்பது அக்காவின் கட்சி. நான் மருத்துவனல்ல, கணக்காளன். ஆனால் இந்த ஐந்து வருடத்தில் பாதி நாட்கள் மருத்துவமனைக்கு அவரை ஏற்றிச் சென்றவன் நான். காத்திருந்த நேரத்தில் வாசித்ததையும் கேட்டதையும் வைத்து, அவர் முன் உள்ள வழிகளை எடைபோட்டுப் பார்த்தேன்.

முதலில் ஊசியைப் பற்றி. 'விஷ ஊசி போட்டுக்கொள்ளப் போகிறேன்' என்று அவர் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசியில் சொன்னபோது மாமி அழுதே விட்டார். பெயர் அப்படி. உண்மையில் நடப்பது, சுத்திகரித்த குளவி விஷத்தையே மிகச் சிறிய அளவில் தோலுக்கடியில் செலுத்தி, வாரா வாரம் அளவைக் கூட்டி, 100 மைக்ரோகிராமை எட்டியதும் அதே அளவில் இடைவெளி விட்டுத் தொடர்ந்து கொடுப்பது. 100 மைக்ரோகிராம் என்பது ஏறத்தாழ இரண்டு தேனீக்கள் கொட்டும் விஷம். குளவி ஒரு கொட்டில் இறக்கும் விஷம் மிகக் குறைவு என்பதால் அதன் கணக்கில் இது பல கொட்டுகளுக்குச் சமம். இவ்வளவையும் உடம்பு தாங்கப் பழகிவிட்டால், தோட்டத்தில் வரும் ஒற்றைக் குளவி பெரிய விஷயமல்ல. விஷத்தைக் கண்டதும் துள்ளும் ஐஜிஇ எதிர்ப்பொருளுக்குப் போட்டியாக, அந்த விஷத்தை முந்திப் பிடித்துக்கொள்ளும் ஐஜிஜி4 எதிர்ப்பொருள் பெருகுகிறது. தடுப்பாற்றல் அணுக்களை அடக்கிவைக்கும் செல்களும் வலுப்பெறுகின்றன.

இது சும்மா நம்பிக்கை வைத்தியம் அல்ல என்பதற்கு 1978ஆம் ஆண்டின் ஓர் ஆய்வு போதும். அதற்கு முன் பல பத்தாண்டுகளாக முழுப் பூச்சியையே அரைத்து எடுத்த சாற்றைத்தான் ஊசியாகப் போட்டுவந்தார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் ஒவ்வாமைக்காரர்களை மூன்று பிரிவாக்கி, பிறகு கண்காணிப்பில் வைத்து உண்மையான பூச்சியையே கொட்டவிட்டார்கள். போலி மருந்து எடுத்த 12 பேரில் 7 பேருக்கு உடல் முழுக்க விளைவு வந்தது. பூச்சிச் சாறு எடுத்த 11 பேரில் 7 பேருக்கு வந்தது. சுத்த விஷம் எடுத்த 18 பேரில் ஒருவருக்கு மட்டுமே வந்தது. அரைத்த பூச்சிக்கும் போலி மருந்துக்கும் வித்தியாசமே இல்லை. அத்தனை வருடம் அதை நம்பிப் போட்டுக்கொண்டவர்களை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. இன்றைய கணக்கில், சிகிச்சையில் இருக்கும்போது குளவிக்கு எதிராக 91 முதல் 96 விழுக்காட்டினரும், தேனீக்கு எதிராக 77 முதல் 84 விழுக்காட்டினரும் காக்கப்படுகிறார்கள்.

இனி அந்த 'ஐந்து வருடம்' எங்கிருந்து வந்தது? குறைந்தது மூன்று வருடம், இயன்றால் ஐந்து என்பது பொதுவான வழிகாட்டல். ஐந்து வருடம் முடித்து நிறுத்தியவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது பெரும்பாலோருக்குப் பாதுகாப்பு நீடித்தது. மறுபடி கொட்டினால் விளைவு வருவது சுமார் 5 முதல் 15 விழுக்காடு. சிறுவயதில் ஊசி முடித்தவர்கள் இன்னும் அதிர்ஷ்டசாலிகள். பத்து, இருபது வருடம் கழித்து அவர்களைத் தேடிப் பார்த்த 2004ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வில், ஊசி போட்டவர்களில் 3 விழுக்காட்டினருக்கும் போடாதவர்களில் 17 விழுக்காட்டினருக்கும் மறுபடி விளைவு வந்திருந்தது. ஆகவே நிறுத்துவது என்பது அசட்டுத் துணிச்சல் அல்ல. கொட்டியபோது உடம்பெல்லாம் தடித்து, சற்று மூச்சு முட்டி, இரத்தப் பரிசோதனைகள் சாதாரணமாக இருக்கும் ஒருவர் என்னிடம் கேட்டால், ஐந்தாவது வருடத்தோடு கைகுலுக்கி விடைபெறுங்கள் என்றுதான் சொல்வேன். அந்த ஆளுக்கு ஆயுள் சிகிச்சை வீண்.

ஆனால் அந்தப் பெரும்பாலோரில் எல்லாரும் அடக்கமில்லை. நிறுத்திய பின் மறுபடி சிக்கியவர்கள் யார் என்று பார்த்தால் சில அடையாளங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. தேனீ ஒவ்வாமை உள்ளவர்கள், முதல் தடவையே மயங்கி விழுந்தவர்கள், சிகிச்சைக் காலத்திலேயே ஊசிக்கோ கொட்டுக்கோ உடல் முழுக்க விளைவு வந்தவர்கள், மாஸ்ட் செல் கோளாறு உள்ளவர்கள். இந்த நான்கில் அத்தானுக்கு மூன்று பொருந்துகிறது. மயங்கி விழுந்தார். ஊசியின் அளவைக் கூட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் முகம் செக்கச் சிவந்து, இரத்த அழுத்தம் இறங்கி, அங்கேயே உயிர்காக்கும் அவசர மருந்தான அட்ரினலின் போடவேண்டி வந்தது. மூன்றாவதான மாஸ்ட் செல் கோளாறுதான் பெரியது.

மாஸ்ட் செல் நம் எல்லாரிடமும் இருக்கிறது. தோலிலும் குடலிலும் மூச்சுப் பாதையிலும் காவல் நிற்கும் அணு. உள்ளே ஹிஸ்டமின், டிரிப்டேஸ் என்ற வேதிப்பொருட்கள் சிறு பொட்டலங்களாக அடைந்து கிடக்கும். 1878இல் பால் எர்லிக் என்ற ஜெர்மானியர் நுண்ணோக்கியில் இந்தப் பருத்த அணுக்களைப் பார்த்து, தின்று கொழுத்தவை என்று எண்ணி, கொழுக்கவைப்பதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லையே பெயராக்கினார். கொழுத்தது தீனியால் அல்ல, வெடிமருந்தால் என்பது பிறகுதான் தெரிந்தது. இந்த அணுக்களை வளரச் சொல்லும் கிட் என்ற மரபணுவில் ஓர் எழுத்து பிசகினால் (டி816வி என்பார்கள்), வளர்ச்சிக் கட்டளை நிற்காமல் ஓடிக்கொண்டேயிருக்கும். எலும்பு மஜ்ஜையில் அவை கூட்டம் கூட்டமாகச் சேரும். அதுதான் மாஸ்டோசைட்டோசிஸ். பெரும்பாலோருக்கு இது மெதுவாக நகரும் வகை, ஆயுளைக் குறைப்பதில்லை. ஆனால் ஒரு குளவி கொட்டினால் மற்றவர்களிடம் பட்டாசாக வெடிப்பது இவர்களிடம் கிடங்கே பற்றியதாக ஆகிவிடும்.

இதைக் கண்டுபிடிக்கும் வாசல் ஓர் எளிய இரத்தப் பரிசோதனை: டிரிப்டேஸ். கொட்டு வாங்கிய பரபரப்பெல்லாம் அடங்கிய பிறகு, குறைந்தது ஒரு நாளாவது கழித்து எடுக்கவேண்டும். மில்லிலிட்டருக்கு 11.4 நானோகிராமுக்கு மேல் போனால் கூடுதல் என்பது பல ஆய்வகங்களின் அளவு. அத்தானுக்கு 27. டிரிப்டேஸ் கூடியவர்கள் எல்லாரும் நோயாளிகள் அல்ல. டிரிப்டேஸ் மரபணு பிறப்பிலேயே கூடுதல் பிரதிகளாக இருக்கும் ஒரு நிலை மேற்கு நாடுகளில் ஏறத்தாழ இருபதில் ஒருவருக்கு உண்டு. சிறுநீரகம் பழுதானாலும் அளவு ஏறும். அதனால்தான் இரத்தத்தில் கிட் மரபணுவைத் தேடிவிட்டு, பிறகு இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள். இருந்தது.

விசேஷம் என்னவென்றால், அவருடைய முதல் மயக்கமே எல்லாவற்றையும் சொல்லியிருந்தது. தடிப்பும் அரிப்பும் இல்லாததால் அவசரப் பிரிவில் முதலில் இதயக் கோளாறு என்றுதான் சந்தேகித்தார்கள். ஸ்பெயின் நாட்டு மாஸ்டோசைட்டோசிஸ் குழுவினர் வகுத்த மதிப்பெண் முறையில் அதற்கு நேர்மாறு. ஆண், தலைசுற்றல் அல்லது மயக்கம், தடிப்போ வீக்கமோ இல்லை, டிரிப்டேஸ் 25க்கு மேல். இவை ஒவ்வொன்றும் மாஸ்ட் செல் கோளாற்றின் பக்கம் மதிப்பெண் கூட்டும். தோலில் எதுவும் தெரியாததே தடயம். 2009இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்று, பூச்சிக் கொட்டால் உடல் முழுக்க விளைவு வந்த 379 பேரைப் பரிசோதித்தது. 44 பேருக்கு டிரிப்டேஸ் கூடியிருந்தது. அவர்களில் 34 பேரின் மஜ்ஜையைப் பார்த்தபோது 30 பேரிடம் ஏதோ ஒரு மாஸ்ட் செல் கோளாறு இருந்தது. குளவி கொட்டி மயங்கி விழுந்த எவரும் இந்த ஒரு பரிசோதனையைக் கேட்டு வாங்கவேண்டும். இந்தக் கட்டுரையில் வேறெதையும் மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்கவேண்டாம்.

இனி வழிகள்.

எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு எதுவும் இல்லாமல் இருப்பது என்பதை ஒரு வரியில் தள்ளிவிடலாம். மாஸ்டோசைட்டோசிஸ் உள்ளவர்கள் ஊசியை நிறுத்திய பிறகு கொட்டு வாங்கி இறந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

அத்தான் விரும்புவது இரண்டாவது வழி: ஊசியை நிறுத்து, தானே தொடையில் குத்திக்கொள்ளும் அட்ரினலின் பேனாவை மட்டும் பையில் வை. பார்வைக்கு நல்ல பேரம். மருத்துவமனை அலைச்சல் இல்லை. பிரிட்டனில் எந்நேரமும் இரண்டு பேனாக்கள் கையில் இருக்கவேண்டும் என்பது அதிகாரபூர்வ அறிவுரை, அவரிடம் இரண்டும் இருக்கின்றன. ஆனால் இந்த வழியின் ஓட்டை கடிகாரத்தில் இருக்கிறது. பிரிட்டனில் ஒவ்வாமை அதிர்ச்சியால் நேர்ந்த மரணங்களை ஆராய்ந்த ரிச்சர்ட் பம்ஃப்ரே 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்குப்படி, உணவு ஒவ்வாமையில் இதயமோ மூச்சோ நிற்க எடுத்த இடைநிலை நேரம் 30 நிமிடம். பூச்சிக் கொட்டில் 15 நிமிடம். அத்தான் மயங்க எடுத்தது பத்துக்கும் குறைவு. தோட்டத்தில் தனியாக நிற்கும் மனிதர், கையுறையைக் கழற்றி, பையைத் திறந்து, மூடியை இழுத்து, தொடையில் குத்தி, காலை உயர்த்திப் படுக்கவேண்டும். எழுந்து நடந்தால் ஆபத்து கூடும். இவ்வளவையும் நினைவு இருக்கும்போதே முடிக்கவேண்டும். மாஸ்ட் செல் கோளாறு உள்ளவர்களுக்கு ஒரு பேனா போதாமல் போவதும் உண்டு. இரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவராக இருந்தால் அட்ரினலின் சரியாக வேலை செய்யாமலும் போகலாம்.

இன்னொன்று, மனம். நெதர்லாந்தில் குளவி ஒவ்வாமைக்காரர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஊசியும் மற்றதற்குப் பேனா மட்டுமும் கொடுத்துப் பார்த்தார்கள். ஊசி பெற்றவர்களின் அன்றாட வாழ்க்கைத் தரம் உயர்ந்தது. பேனா மட்டும் பெற்றவர்களுடையது தாழ்ந்தது. பேனா பயத்தை எடுத்துச் செல்லும் பெட்டியாகிவிடுகிறது போலும். அக்கா கோடை முழுக்க அத்தானின் கால்சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தே வெளியே அனுப்புவதைப் பார்த்தவனுக்கு இந்த முடிவு வியப்பளிக்கவில்லை.

அத்தானின் பலமான வாதம் ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. மூன்றாவது வருடம் அவர் விரலில் ஒரு குளவி கொட்டியது. விரல் வீங்கியது, அவ்வளவுதான். "குணமாகிவிட்டது, இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?" என்கிறார். அந்தக் கொட்டு மருந்து வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி, நோய் போய்விட்டது என்பதற்கு அல்ல. குடை பிடித்திருந்தபோது நனையவில்லை என்பதால் மழை நின்றுவிட்டது என்று ஆகுமா என்று அக்கா கேட்டாள். நான் இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை. நெதர்லாந்திலும் சுவிட்சர்லாந்திலும் சில மையங்களில், சிகிச்சை பலித்ததா என்று பார்க்க மருத்துவமனைக்குள்ளேயே உயிருள்ள குளவியைக் கொட்டவிட்டுப் பார்ப்பதுண்டு. பிரிட்டனில் அது வழக்கமில்லை. அத்தானுக்குத் தோட்டமே அந்தப் பரிசோதனையைச் செய்துகொடுத்துவிட்டது. பாதுகாப்பு போதாமல் போகும் சிலருக்கு அளவை 200 மைக்ரோகிராமாகக் கூட்டுவார்கள். அவருக்கு 100 போதும் என்று அந்த வீங்கிய விரல் சொன்னது.

மூன்றாவது வழி, தொடர்வது. இங்கேதான் அத்தான் பயப்படும் கணக்கு வருகிறது. நான்கு வாரத்துக்கு ஒரு முறை என்றால் வருடத்துக்கு 13 தடவை. ஒவ்வொரு முறையும் ஊசிக்குப் பின் அவருடைய மருத்துவமனையில் ஒரு மணிநேரம் உட்காரவேண்டும். போக வரச் சேர்த்து அரை நாள். பத்து வருடத்தில் 130 அரை நாட்கள். இதற்கு அவர் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் யாரும் அப்படிக் கேட்கவில்லை. ஐரோப்பிய வழக்கப்படி முதல் வருடம் நான்கு வாரம், இரண்டாம் வருடம் ஆறு வாரம், பிறகு ஐந்தாம் வருடம் வரை எட்டு வாரம். ஆயுள் சிகிச்சை என்று முடிவானால் 12 வாரம் வரை நீட்டலாம், பாதுகாப்பு குறைவதில்லை. வருடத்துக்கு நான்கு அல்லது ஐந்து தடவை. பத்து வருடத்தில் நாற்பத்துச் சொச்சம். பல் மருத்துவரிடம் போவதைவிடச் சற்று அதிகம், முடிவெட்டப் போவதைவிடக் குறைவு. இன்னும் நீட்டி ஆறு மாதமாக்கலாமே என்றால், தேனீ ஒவ்வாமைக்காரர்களிடம் அதை முயன்று பார்த்த இஸ்ரேலிய மருத்துவர்களுக்குப் பாதுகாப்பு போதவில்லை என்றே தெரிந்தது. மூன்று மாதம்தான் இப்போதைக்கு எல்லை.

தொடர்வதில் ஆபத்தே இல்லையா? உண்டு. ஊசி போட்ட இடம் வீங்கும். உடல் முழுக்கப் பரவும் விளைவு சிகிச்சை பெறுபவர்களில் 8 முதல் 20 விழுக்காட்டினருக்கு வரும். பெரும்பாலும் லேசானது, அளவைக் கூட்டும் தொடக்கக் கட்டத்தில் வருவது, தேனீ விஷத்துக்குத்தான் அதிகம். மாஸ்டோசைட்டோசிஸ் உள்ளவர்களுக்குச் சற்றுக் கூடுதல் வாய்ப்பு இருந்தாலும் அவர்களில் பெரும்பாலோர் தாங்கிக்கொள்கிறார்கள். தாங்காதவர்களுக்கு ஐஜிஇயைக் கட்டிப்போடும் ஒமலிஸுமாப் என்ற மருந்தைத் துணையாகக் கொடுத்து ஊசியை ஏற்றுவதுண்டு. அளவைக் கூட்டும் அந்த ஏணியை அத்தான் ஏறி முடித்துவிட்டார். இப்போது நிறுத்திவிட்டு, இரண்டு வருடம் கழித்து ஒரு கொட்டு வாங்கி, மறுபடி அடிப்படியிலிருந்து ஏறுவதுதான் எல்லா வழிகளிலும் விலை கூடியது. ஒரு கணக்காளனாக எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

மாஸ்ட் செல்லையே அடக்கும் மாத்திரை வந்துவிட்டதாமே என்று அவர் ஒரு நாள் கேட்டார். உண்மைதான். கிட் மரபணுவின் பிசகைக் குறிவைக்கும் அவாப்ரிடினிப், மெதுவாக நகரும் வகைக்கு 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அரிப்பு, வயிற்று வலி, சோர்வு என்று நாளும் அவதிப்படுபவர்களுக்கான மருந்து அது. குளவிக்கான ஊசியின் இடத்தை அது பிடிப்பதாக எந்த வழிகாட்டியும் சொல்லவில்லை. அதேபோல ஊசியும் நோயைக் குணமாக்குவதில்லை, ஒரு கதவை மட்டும் அடைக்கிறது. அறுவைச் சிகிச்சை மயக்க மருந்து, சில வலி நிவாரணிகள் போன்ற வேறு கதவுகள் இருக்கின்றன. அவற்றை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும். எலும்பு தேய்வதும் இந்த நோயில் சாதாரணம் என்பதால் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கச் சொல்லி நினைவூட்ட வேண்டியிருந்தது.

பிரிட்டனில் இந்த ஊசிக்கு இடம் கிடைப்பது கடினமா என்று ஊரிலிருந்து சிலர் கேட்டார்கள். அரசு மருத்துவச் சேவையில் எந்தச் சிகிச்சையை யாருக்குக் கொடுக்கலாம் என்று பரிந்துரைக்கும் நைஸ் அமைப்பு 2012இல் வெளியிட்ட வழிகாட்டலில் யாருக்குக் கொடுக்கலாம் என்பது தெளிவாக இருக்கிறது. கடுமையான உடல் விளைவு வந்தவர்களுக்குக் கொடுக்கலாம். நடுத்தர விளைவு வந்தவர்களுக்கு டிரிப்டேஸ் கூடியிருந்தாலோ, மறுபடி கொட்டு வாங்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தாலோ, கொட்டைப் பற்றிய பயம் வாட்டினாலோ கொடுக்கலாம். பயத்தையும் ஒரு காரணமாக ஏற்றிருப்பது எனக்குப் பிடித்தது. வருடத்துக்கு இரண்டு முதல் ஒன்பது பேர்தான் இந்நாட்டில் தேனீ, குளவிக் கொட்டால் இறக்கிறார்கள். சிறிய எண்தான். ஆனால் டிரிப்டேஸ் 27 உள்ளவர், பொது மக்களின் சராசரியை எடுத்துத் தன் மேல் போர்த்திக்கொள்ள முடியாது.

வருகிற தை மாதம் ஊருக்குப் போகும் திட்டம் இருப்பதால் ஒரு சிக்கல். அவர் உடம்பு பழகியிருப்பது ஐரோப்பிய மஞ்சள் குளவியின் விஷத்துக்கு. இலங்கையில் இருப்பது வேறு பெரிய குளவி இனம், தமிழகத்தில் கதண்டு, கடந்தை என்று சொல்லும் வகை. இரண்டின் விஷப் புரதங்களும் பெருமளவு ஒத்துப்போவதால் ஓரளவு பாதுகாப்பை எதிர்பார்க்கலாம், முழுதாக நம்ப முடியாது. மலைத்தேனீ முற்றிலும் வேறு விஷம். அதற்கு இந்த ஊசி பொறுப்பில்லை. ஆகவே சிகிரியாக் குன்றில் மலைத்தேனீக் கூடுகளுக்குக் கீழே படியேறும் ஆசையை அத்தான் கைவிட்டிருக்கிறார், பேனாக்கள் இரண்டும் கைப்பையில் வரும். ஊசிக்கு 12 வார இடைவெளி என்பதால் பயணத்துக்கு முன் ஒன்று, திரும்பி வந்து ஒன்று. நான்கு வார முறையில் இருந்திருந்தால் இந்தப் பயணமே சிக்கலாகியிருக்கும். இதைச் சொன்னபோதுதான் அவர் முதல் தடவையாகத் தலையாட்டினார்.

போன வாரம் மருத்துவமனையில் கையெழுத்திட்டார். அடுத்த ஊசி நவம்பரில், அதற்கடுத்தது பெப்ரவரியில். பிளம்ஸ் மரத்தை வெட்டிவிடுவோம் என்று நான் சொன்னேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை, அவளுக்கு ஜாம் காய்ச்சவேண்டும். விழுந்த பழங்களைக் கூட்டும் வேலை மட்டும் இனி என்னுடையது.